கையெழுத்துக்கு முன் மொழி

பயனற்றுப்போன உயிர்காப்புச் சிகிச்சையை மருத்துவர் விலக்கினால், தமிழ் ஊடகங்கள் அதைக் 'கருணைக்கொலை' என்கின்றன. இது பிழையான சொல். நச்சூசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். சிகிச்சையை நிறுத்தி நோயை அதன் போக்கில் விடுவதை மட்டுமே சட்டம் ஏற்கிறது.

அந்த வேறுபாட்டை நிலைநிறுத்தியது ஒரு மும்பை வழக்கு. கே.இ.எம். மருத்துவமனையில் 1973இல் தாக்கப்பட்டுச் சுயநினைவிழந்த செவிலியர் அருணா ஷான்பாக் குறித்த மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. எனினும், உயர் நீதிமன்ற ஒப்புதலுடன் சிகிச்சையை விலக்க வழி திறந்தது. 2018இல் கண்ணியமான மரணம் உரிமையாயிற்று. 2023இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இன்று எந்த மருத்துவரும் தனித்து முடிவெடுப்பதில்லை. சிகிச்சையளிக்கும் மருத்துவரும் இரு வல்லுநர்களும் அடங்கிய முதற்குழு, வேறு மூவர் கொண்ட இரண்டாம் குழு, குடும்பத்தாரின் எழுத்துவழி இசைவு, மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் என அடுக்கடுக்கான காப்புகள் உள்ளன.

இவை மிகை என்போரும் போதா என்போரும் வாதிட்டுக்கொண்டே இருக்கின்றனர். இரு தரப்பும் காணத் தவறுவது ஒன்றுண்டு. நோயையும் மாற்று வழிகளையும் விளைவுகளையும் மருத்துவர் குடும்பத்தாருக்கு விளக்க வேண்டும் என்பதே இக்காப்புகளின் அடித்தளம். எந்த மொழியில் விளக்குவது?

அணுசக்தி வளாகத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி 1976இல் இடிக்கப்பட்டபோது, அங்கிருந்து பெயர்க்கப்பட்டவர்களால் உருவானது சீத்தா கேம்ப். அங்கே பல வீடுகளில் பேச்சு தமிழ். மருத்துவமனையிலோ மராத்தியும் இந்தியும். தாய்க்கு இந்தி தெரியாவிட்டால் பள்ளி செல்லும் மகளே மொழிபெயர்ப்பாளர். 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்பது வேறு, 'செய்துகொண்டிருப்பதை நிறுத்துகிறோம்' என்பது வேறு. முன்னது செய்தி, பின்னது இசைவு கோரும் முடிவு. அவ்வேறுபாட்டைச் சுமக்கும் பொறுப்பைச் சிறுமியின் நாவில் ஏற்றிவிட்டு, கீழே இடப்பட்ட கையெழுத்தை 'இசைவு' என்று கோப்பில் சேர்ப்பது எவ்வகை நியாயம்?

இன்னொரு வாசலும் உண்டு. செலவு தாங்காத குடும்பம் 'மருத்துவ ஆலோசனைக்கு மாறாக' என்ற தாளில் ஒப்பமிட்டு நோயாளியை வீட்டுக்குக் கொண்டுசெல்கிறது. அங்கே குழுவுமில்லை, மாஜிஸ்திரேட்டுமில்லை; பல வேளைகளில் வலிநிவாரணிகூட இல்லை. அதைத் தேர்வு என்பது சொற்கொடுமை.

பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரும் தமிழில் இசைவுப் படிவமும் ஆடம்பரங்கள் அல்ல; அவையும் சட்டக் காப்பின் உறுப்புகளே. அவை இல்லாத இடத்தில் இரு குழுக்களும் காப்பது மருத்துவரை மட்டுமே, நோயாளியை அன்று.