பேரன் செய்த போர் விமானமும் நீங்கள் கேட்ட கேள்வியும்



சிதம்பரத்தில் எட்டாவது படிக்கும் என் பேரன் செய்து முடித்த ஹரிகேன் போர் விமான மாதிரியின் படத்தைப் போன வாரம் போட்டிருந்தேன். பாராட்டிய எல்லோருக்கும் நன்றி. கூடவே இரண்டு கேள்விகளும் வந்தன. "சார், படிக்கிற பிள்ளைக்கு இது நேர விரயம் இல்லையா?" என்று கடலூரிலிருந்து ஒரு பழைய மாணவர். "மாமா, ஆளைக் கொல்லுகிற விமானத்தைப் பிள்ளை கையில் கொடுக்கலாமா?" என்று உறவுக்காரப் பெண் ஒருவர். இரண்டாவது கேள்விதான் கனமானது. முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

மாதிரியின் அளவு 72-இல் ஒரு பங்கு. உண்மையான ஹரிகேனின் இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 40 அடி, அதாவது 12.19 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். பையன் ஸ்கேல் வைத்து அளந்து, சரியாக இருக்கிறது என்று துள்ளினான். விகிதத்தைக் கரும்பலகையில் பல வருடம் நடத்தியவன் நான். அந்தத் துள்ளலை வகுப்பில் அதிகம் பார்த்ததில்லை.

வால் பக்கம் வரிவரியாக மேடு இருந்தது. உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கப் பார்த்தான். தேய்க்காதே என்றேன். ஹரிகேனின் பின்னுடல் தகடு போர்த்தியதல்ல. உலோகக் குழாய்ச் சட்டம், அதன்மேல் மரப்பட்டைகள், அதற்கும் மேலே இழுத்துக் கட்டிய துணி. பூச்சு கொடுத்துத் துணியை விறைப்பாக்கினார்கள். குண்டு துளைத்தால் ஒட்டுப்போட்டு மறுபடி பறக்கவிட்டார்கள். அந்த வரிகள் துணிக்கு அடியில் இருக்கும் மரப்பட்டைகள்.

வண்ணம் மேலே கரும்பச்சையும் மண் நிறமும், அடியில் வெளிர் சாம்பல். ஏன் இப்படி என்று கேட்டான். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் கானாங்கெளுத்தியைப் பார்த்திருக்கிறாயா என்று திருப்பிக் கேட்டேன். முதுகு கருமை, வயிறு வெள்ளி. மேலிருந்து பார்த்தால் தண்ணீரோடும், கீழிருந்து பார்த்தால் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். விமானத்துக்கும் அதே தந்திரம்தான். இது நேர விரயம் என்றால் அந்த விரயம் நல்லதே. (செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: விமானியின் கண்ணாடி மூடியை ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள், வெள்ளையாகப் படர்ந்துவிடும். ஃபெவிகால் போதும்.)

இனி இரண்டாவது கேள்வி. அந்தப் பெண்ணின் பயம் நியாயமானது. கிட் வரும் பெட்டியின் மேல் இருக்கும் படத்தில் எரிந்து விழுவது பெரும்பாலும் எதிரி விமானம்தான். செல்போன் விளையாட்டிலோ, நம் விமானம் விழுந்தால் சில விநாடியில் அடுத்தது வந்துவிடும். மாதிரி செய்யும்போது அது முடியாது. உடலின் இரண்டு பாதிகளை ஒட்டுவதற்கு முன்பே விமானியின் இருக்கை, வார், கருவிப்பலகை எல்லாவற்றுக்கும் வண்ணம் அடித்துவிட வேண்டும். அங்கே ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான் என்பது பிள்ளைக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது.

"பெட்ரோல் எங்கே தாத்தா?" என்றான். இறக்கைகளில் இருந்தது. இன்னொரு டேங்க் விமானிக்கு நேர் முன்னால், கருவிப்பலகைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்தது. அதில் குண்டு பட்டால் தீ நேராக முகத்துக்கும் கைக்கும் வரும். இப்படி வெந்துபோன விமானப்படையினருக்கு இங்கிலாந்தில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ புது முகம் கொடுக்கப் பாடுபட்டார். அந்த நோயாளிகள் 1941-இல் ஒரு சங்கம் அமைத்து, சோதனைக்கு உட்படும் பிராணி என்ற பொருளில் 'கினிப்பன்றிகள் சங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். போர் முடிந்தபோது அதில் 600 பேருக்கு மேல் இருந்தார்கள். பையன் அன்று வெகுநேரம் பேசவில்லை.

அடுத்தது, விமானம் யாருடையது என்ற கேள்வி. நம் கடலூரும் சிதம்பரமும் அன்று தென்னாற்காடு ஜில்லா, சென்னை மாகாணம். அந்த மாகாணத்தில் திரட்டிய போர் நிதி விமானங்களுக்குப் போனது. அதற்காக பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய ஸ்குவாட்ரன்களுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர் சேர்த்தார்கள். இதில் 79-ஆவது, ஹரிகேன்களோடு 1942-இல் இந்தியா வந்து பர்மா போர்முனையில் பறந்தது. அதைத்தான் பேரன் செய்திருக்கிறான். ஜப்பானின் சிவப்புச் சூரியனோடு குழப்பம் வரக்கூடாதென்று, ஆசியாவில் பறந்த விமானங்களின் வட்டக் குறியிலிருந்து சிவப்பை எடுத்துவிட்டார்கள். அவனும் எடுத்துவிட்டான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே 1940-41-இல், இந்தப் போருக்கு ஆளோ பணமோ கொடுப்பது தவறு என்று சொல்லி, காந்தியின் தனிநபர் சத்தியாகிரகத்தில் பல ஆயிரம் பேர் சிறை போனார்கள். 1944-இல் இம்பாலில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன், அர்ஜன் சிங் தலைமையில் ஹரிகேனில் பறந்தது. பின்னாளில் 1965 போரின்போது விமானப்படைத் தளபதியாக இருந்தவர் அவர்தான். அந்த இம்பாலை நோக்கி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்த படை அது.

"அப்போ நம்ம ஆளுங்க எந்தப் பக்கம் தாத்தா?" என்றான். இரண்டு பக்கமும், இரண்டும் வேண்டாமென்று சிறையிலும் என்றேன். இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை போரை விளையாட்டாக நினைக்காது என்பதுதான் என் கருத்து.

ஆகவே பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். ஆனால் நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். பள்ளிக் கண்காட்சிக்குக் கடையில் ரெடிமேடாக வாங்கும் வழக்கமே போதும். உள்ளே உட்கார்ந்தவன் யார், பணம் யாருடையது, கீழே நின்றவர்கள் யார் என்ற மூன்றையும் ஒட்டி முடிப்பதற்குள் பேசிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1942-இல் ரங்கூனிலிருந்து கால்நடையாக ஊர் வந்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், நீங்கள் கேட்டதைக் கீழே எழுதுங்கள். அந்த வழியைப் பேரனோடு வரைபடத்தில் குறிக்கப் போகிறேன்.