டப்பாவில் இருப்பது உடம்பில் சேருமா?

காஞ்சன்பாக்கில் இருக்கும் நம்ம ஆட்கள் பலருக்குப் பிழைப்பு டி.ஆர்.டி.ஓ. கூடங்களிலோ மிதானியிலோ பி.டி.எல்.லிலோதான். அங்கே எவ்வளவு ஏற்றி அனுப்பினோம் என்று யாரும் பெருமையடிப்பதில்லை. போய்ச் சேரவேண்டிய இடத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பதுதான் கேள்வி. அதே ஆட்கள் சாயங்காலம் மருந்துக்கடையில் "சோயா ஐசோஃப்ளேவோன் இத்தனை மில்லிகிராம்" என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் வாங்கி, ஐம்பதை நெருங்கும் மனைவி கையில் கொடுக்கிறோம். நானும் கொடுத்தேன். மூணு மாசம். காசு போனதுதான் மிச்சம், ராத்திரி வியர்வை நிற்கவில்லை. அந்தக் கடுப்பில்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். சோயாவில் ஐசோஃப்ளேவோன் பெரும்பாலும் ஒரு சர்க்கரை மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியே குடல் சுவரைத் தாண்டாது. பால் சர்க்கரையைச் செரிக்கும் அதே லாக்டேஸ் நொதியும், குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் அந்தச் சர்க்கரையைக் கழற்ற வேண்டும். அப்புறம்தான் உள்ளே போகும். போனதும் குடல் சுவரும் கல்லீரலும் அதற்கு வேறொரு பூட்டைப் போட்டுவிடும். ரத்தத்தில் ஓடுவதில் பெரும்பகுதி இந்தப் பூட்டுப் போட்ட சரக்குதான். அதுவும் ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஐசோஃப்ளேவோன்களில் ஒன்றான டெய்ட்ஸீனைச் சில பாக்டீரியாக்கள் ஈக்வால் என்ற பொருளாக மாற்றும். முதலில் 1932ல் சினைக் குதிரையின் சிறுநீரில் கண்டுபிடித்தார்கள், பெயரே குதிரையிலிருந்து வந்தது. ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்வதில் டெய்ட்ஸீனைவிட இது கெட்டி. ஆனால் எல்லார் குடலிலும் இது உண்டாகாது. மேற்கத்திய நாடுகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு. ஜப்பான், கொரியா பக்கம் பாதிப்பேர் அல்லது சற்று அதிகம். ஒரே டப்பா, ஒரே மாத்திரை, ஆளுக்கு ஆள் வேறு பலன். டப்பா விற்கிறவர் உங்கள் குடலை எப்போது பார்த்தார்?

"ஆய்வு இருக்கே சார்" என்பார்கள். இருக்கிறது. சிலவற்றில் சூடு கொஞ்சம் தணிந்தது, சிலவற்றில் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. எல்லாவற்றையும் அலசிய வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம், 2023ல் இந்தச் சூட்டுக்கு சோயா சாறையும் ஈக்வாலையும் பரிந்துரைக்கவில்லை என்றே சொல்லிவிட்டது.

சோயா மேல் எனக்குக் கோபமில்லை. 100 கிராமில் 35 கிராமுக்கு மேல் புரதம் உள்ள பயறு. மீல் மேக்கர் குழம்பு வையுங்கள், சுண்டல் பண்ணுங்கள். மணிப்பூரின் ஹவாய்ஜார், சிக்கிமின் கினேமா எல்லாம் நம்ம இட்லி மாவு மாதிரி புளிக்க வைத்த சோயாதான். அதில் அந்தச் சர்க்கரை முன்பே கொஞ்சம் கழன்றிருப்பதால் சீக்கிரம் உறிஞ்சப்படுகிறது. மொத்தத்தில் அதிகம் சேருகிறதா என்றால் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. உணவாகச் சாப்பிட்டால் புரதமாவது நிச்சயம்.

புரதப் பவுடர்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தார்நாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம்மை மாதிரியே ஊர்விட்டு வந்தது. 1918ல் குன்னூரில் தொடங்கி 1958ல் ஹைதராபாத் வந்து சேர்ந்தது. அவர்களுடைய 2024 வழிகாட்டுதல், உடம்பை ஏற்றப் புரதப் பவுடர் வேண்டாம் என்கிறது. நம்ம பேட்டையிலிருந்து ஆட்டோ தூரத்தில் இருப்பவர்கள் பேச்சு காதில் விழாது, வாட்ஸப் பேச்சு மட்டும் விழும்!

கடைசியாக, இதை எழுதவைத்த இன்னொரு காரணம். திருச்சியில் இருக்கும் என் அக்கா காலையில் தைராய்டு மாத்திரையைச் சோயா பாலோடு விழுங்கிக்கொண்டிருந்தார். "உடம்புக்கு நல்லதுடா" என்பார். டி.எஸ்.எச். ஏறிக்கொண்டே போனது, மாத்திரை அளவும் ஏறியது. என்ன குடிக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான் கேட்கவில்லை. சோயா அந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் குறைக்கும். இரண்டுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இன்றைக்கு ஊருக்குப் போன் பண்ணும்போது, "சாப்பிட்டாச்சா"வோடு நிறுத்தாமல், மாத்திரையை எதோடு சாப்பிட்டீங்க என்றும் கேளுங்கள்.