பாஸ்போர்ட் அளவுப் படம் போதுமா?

வங்கிக் கிளையில் பணிபுரியும் நாங்கள் ஒரு வாரத்தில் பார்க்கும் புகைப்படங்களுக்கு அளவில்லை. கணக்குத் தொடங்கும் படிவத்தில் ஒட்டிய படம், கடன் விண்ணப்பத்தில் ஒட்டிய படம், லாக்கர் ஒப்பந்தத்தில் ஒட்டிக் குறுக்கே கையொப்பமிட்ட படம். வெள்ளைப் பின்னணி, நேர்ப் பார்வை, இறுக மூடிய உதடுகள். எதிரில் நிற்பவரும் படிவத்தில் இருப்பவரும் ஒருவரே என்று உறுதி செய்வது மட்டுமே அந்தப் படத்தின் வேலை. அதனை அது செம்மையாகவே செய்துவருகிறது.

அண்மைக் காலமாக அதனிடம் வேறொரு வேலையையும் ஒப்படைப்பவர்கள் பெருகியுள்ளனர். இணையத்தின் வழியே ஃப்ரீலான்ஸ் பணி செய்யும் வாடிக்கையாளர்களைச் சொல்கிறோம். மொழிபெயர்ப்பு, கணக்குப் பதிவு, ஓவிய வடிவமைப்பு, மென்பொருள் என்று வீட்டிலிருந்தபடியே அயல்நாட்டு நிறுவனங்களுக்குச் செய்துகொடுத்து, வந்த பணத்துக்குச் சான்றிதழ் கேட்டுக் கிளைக்கு வருகிறார்கள். பேச்சினிடையே தம் பக்கத்தைக் கைபேசியில் திறந்து காட்டுவதும் உண்டு. செய்த வேலைகளின் மாதிரிகள் நேர்த்தியாக அடுக்கப்பட்டிருக்கும். மேலே வட்டத்துக்குள் இருப்பதோ எங்களிடம் தந்த அதே பாஸ்போர்ட் படம். சிலருடையதில் முத்திரை மையின் ஓரம்கூட ஸ்கேனில் பதிந்திருக்கும்.

அது பொருந்தாது என்பதே நமது கருத்து. பாஸ்போர்ட் படத்தில் இருப்பது அதிகாரியின் முன் நிற்கும் விண்ணப்பதாரரின் முகம். வேலை தருபவர் தேடுவது, மூன்று மாதம் தம்முடன் சேர்ந்து உழைக்கவும் தவறு நேர்ந்தால் எடுத்துச் சொல்லவும் கூடிய ஒருவரை. அந்த முகம் விறைப்பாக இருக்கத் தேவையில்லை.

இது அற்ப விஷயம் என்று ஒதுக்குவோர் உண்டு. நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, 2020-21-ல் இந்தியாவில் கிக் தொழிலாளர்கள் 77 லட்சம் பேர் என்றும், 2029-30-க்குள் அத்தொகை 2.35 கோடியாக உயரக்கூடும் என்றும் மதிப்பிட்டது. இதில் உணவு கொண்டுசெல்வோரும் வாடகைக் கார் ஓட்டுவோரும் அடங்குவர். அவர்களைப் படம் பார்த்து எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. இணையவழி ஃப்ரீலான்ஸ் பணியாளரின் நிலை வேறு. அவருக்குக் கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, பரிந்துரைக்க ஊரில் தெரிந்தவர் இல்லை. ஒரே வேலைக்கு முப்பது பேர் விண்ணப்பிக்கும் பட்டியலில் அவருடைய பெயரும் ஒரு சிறு வட்டப் படமும் மட்டுமே முதலில் தென்படுகின்றன.

அந்த வட்டத்தை எவ்வளவு நேரம் பார்ப்பார்கள்? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடரோவும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே பார்ப்பவர் அதன் நம்பகத்தன்மையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவதும், நேரக் கட்டுப்பாடின்றிப் பார்த்தோரின் முடிவுகளோடு அது பெரிதும் ஒத்துப்போவதும் தெரியவந்தன. அந்த முடிவு சரியானது என்று ஆய்வு கூறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முகம் பார்த்துக் கடன் கொடுத்தால் வங்கி எவ்வளவு காலம் நிலைக்கும் என்று எங்களுக்குத் தெரியும். வணிகவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: தானே ஈட்டிய நற்பெயரை ஒரு நிறுவனம் தன் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்ட முடியாது. முகமும் அத்தகையதே. ஏட்டில் ஏறாது, ஆனால் வியாபாரத்தை அது தொடாமல் விடுவதில்லை.

ஆகவே படத்தை எப்படி எடுப்பது என்பதைப் பார்ப்போம். இங்கே பலரும் கவனிக்காதது தொலைவு. கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் கேமரா முகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அதனால் கேமராவுக்கு அண்மையிலுள்ள மூக்கு பெருத்தும் காதுகள் பின்வாங்கியும் தெரிகின்றன. பன்னிரண்டு அங்குலத் தொலைவில் எடுத்தால், ஐந்தடித் தொலைவில் எடுத்ததைவிட மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகத் தோன்றும் என்று அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் 2018-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். தம் மூக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று செல்ஃபியைக் காட்டி அறுவை சிகிச்சை கேட்டு வந்தவர்களைக் கண்டபின் தோன்றிய ஆய்வு அது. கைபேசியை வீட்டிலுள்ள ஒருவரிடம் கொடுத்து, ஐந்தாறு அடி தள்ளி, உங்கள் கண்மட்டத்தில் பிடித்து, பின்பக்கக் கேமராவால் எடுக்கச் சொன்னால் இந்தக் கோளாறு தீர்ந்துவிடும். கைபேசியில் இருமடங்கு உருப்பெருக்கம் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

அடுத்தது வெளிச்சம். கூரையிலுள்ள டியூப்லைட் தலையின் மேலிருந்து விழுந்து கண்களுக்குக் கீழே நிழலைத் தேக்கும். நண்பகல் வெயிலும் அப்படியே. நேர் வெயில் படாத சன்னலோரமோ, காலை எட்டு மணி அளவில் வராந்தாவின் நிழலோ போதும். முகம் வெளிச்சத்தை நோக்கியிருக்க வேண்டும். சன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது.

மாநிறமும் கருநிறமும் கொண்டவர்கள் நம்மில் பெரும்பாலோர். அவர்களுக்கு ஸ்டூடியோவின் வெள்ளைத் திரை நன்மை செய்வதில்லை. கேமரா காட்சியின் வெளிச்சம் முழுவதையும் சராசரியாக்கிப் பார்க்கிறது; பின்னால் வெண்மை மிகுந்திருந்தால் வெளிச்சம் அதிகம் என்று எண்ணிக் குறைத்துவிடுகிறது. விளைவு, சுவர் சாம்பலாகவும் முகம் இருண்டும் பதிகின்றன. பழி நிறத்தின்மேல் விழுகிறது. வெள்ளைச் சுவருக்குப் பதில் வெளிர் நீலம், பச்சை, செங்கல் போன்ற நடுத்தர நிறச் சுவரின் முன் நின்று, கைபேசித் திரையில் முகத்தின்மேல் விரலால் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே நகர்த்தினால் முகம் தன் இயல்பான நிறத்தில் பதியும். கேமராவின் இந்தப் பாரபட்சம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கோடாக் நிறுவனம் வண்ணப்படத்தின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டையில் பல பத்தாண்டுகள் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம்.

இதைச் சொல்லும்போது நம் ஊர்களின் ஸ்டூடியோ வழக்கம் ஒன்றைக் கண்டிக்காமல் இருக்க இயலவில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் கணினியில் முகத்தை இரண்டு படி வெளுக்கச் செய்து, கன்னத்து மச்சத்தையும் நெற்றித் தழும்பையும் துடைத்து, அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வாடிக்கையாளரும் மகிழ்ந்து வாங்கிச் செல்கிறார். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற பெயரையே அதன் உற்பத்தியாளர் 2020-ல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிக்கொண்டுவிட்டார். ஸ்டூடியோக்கள் இன்னும் மாறவில்லை. நிறத்தை வெளுப்பது தன்மதிப்புக்கு இழுக்கு என்பது ஒருபுறம் இருக்கட்டும். வியாபாரக் கணக்கில் பார்த்தாலும் நட்டமே. வேலை பேசும் நாளில் காணொளி அழைப்பில் தோன்றப்போவது உங்கள் உண்மையான முகம். படத்துக்கும் அதற்கும் இடையே இருக்கும் வேறுபாட்டை எதிர்முனையில் இருப்பவர் முதல் நிமிடத்திலேயே கவனிப்பார். இதில் பொய் சொன்னவர் வேறு எதில் சொல்லியிருப்பார் என்ற ஐயம் அவருக்கு எழுந்தால் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கின்றன. நான்கு செல்ஃபிகளை ஏற்றினால், கோட்டும் டையும் அணிந்து கண்ணாடிக் கட்டடத்தின் முன் நிற்கும் ஒருவரை அவை உருவாக்கித் தருகின்றன. அவர் நம்மைப் போல் இருக்கிறார், ஆனால் நாம் அல்லர். இதற்கு நமது பதில் வேண்டாம் என்பதே. அப்வொர்க் போன்ற தளங்கள் சொந்த முகத்தின் உண்மையான படத்தையே கேட்கின்றன. அரசு அடையாள அட்டையையும் நேரடி முகத்தையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் செய்கின்றன. வங்கி வாடிக்கையாளர்களுக்கு இது புதிதல்ல. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதித்த காணொளிவழி கே.ஒய்.சி. முறையில் அதிகாரி ஒருவர் நேரலையில் உங்கள் முகத்தைப் பார்த்து, ஆவணத்திலுள்ள படத்தோடு ஒப்பிடுகிறார். அந்த நாற்காலியில் அமர்பவருக்குத் தெரியும், பொருந்தாத முகம் எவ்வளவு சங்கடத்தைத் தரும் என்று.

முகம் பார்க்கும் மென்பொருள்கள் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஜாய் புவோலம்வினியும் டிம்நிட் கெப்ருவும் 2018-ல் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தனர். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதில் கருநிறப் பெண்களிடத்தில் பிழை 34.7 சதவீதம் வரை சென்றது. வெளிர்நிற ஆண்களிடத்தில் 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. தெளிவான வெளிச்சத்தில், நிறம் மாற்றாமல் எடுத்த படத்தை நாம் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு சொன்ன பிறகு, படமே வேண்டாம் என்பவர்களின் வாதத்துக்கும் செவிசாய்க்க வேண்டும். முகத்தைக் காட்டுவதால் வேலை கிடைப்பதுபோல, முகத்தைக் காட்டியதாலேயே வேலை போவதும் உண்டு. இன வேறுபாடு பார்க்கப்படுவதாக ஆய்வுகள் எடுத்துக்காட்டிய பின்னர், ஏர்பிஎன்பி நிறுவனம் 2018-ல் தன் விதியை மாற்றி, முன்பதிவை ஏற்ற பிறகே விருந்தினரின் படத்தை வீட்டு உரிமையாளருக்குக் காட்டத் தொடங்கியது. வேலைத் தளங்களும் இதைப் பின்பற்றலாம். மாதிரி வேலையை முதலில் காட்டி, பேச்சு தொடங்கிய பிறகு முகத்தைக் காட்டினால் எவருக்கும் குறைவில்லை. அந்த நாள் வரும்வரை, இருக்கும் விதிக்குள் நம்மவர்கள் பிழைத்தாக வேண்டும்.

பெண்களின் தயக்கம் இதனினும் கனமானது. மகளின் படம் இணையத்தில் வரக் கூடாது என்று தடுக்கும் வீடுகளை அறிவோம். அந்த அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் அதற்கு மாற்றாக அண்ணன் படத்தையோ கணவர் பெயரையோ வைத்துவிடுகிறார்கள். வேலை செய்பவர் ஒருவர், முகம் இன்னொருவருடையது. சரிபார்ப்பு வரும் நாளில் பக்கம் முடங்கும். அதிலுள்ள பணமும் முடங்கும். பக்கத்தின் பெயரும் பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கின் பெயரும் வேறுபட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். சிக்கல் ஏதும் எழாவிட்டாலும், அவர் ஈட்டிய நற்பெயரும் வரவும் வேறொருவர் பெயரில் சேர்கின்றன. நாளை வீட்டுக் கடனுக்கு வருமானச் சான்று கேட்டால் அந்தப் பெண்ணால் எதைக் காட்ட முடியும்? தன் பெயரில், தன் முகத்தோடு, தன் கணக்கில் வேலை செய்ய அவரை விடுங்கள் என்றே குடும்பத்தாரை வேண்டுகிறோம்.

பாதுகாப்புக்குச் செய்யக்கூடியவை உண்டு. வாட்ஸாப்பிலும் குடும்பப் பக்கங்களிலும் உள்ள படத்தை வேலைப் பக்கத்தில் போட வேண்டாம். ஒரே படம் இரண்டு இடங்களில் இருந்தால், படத்தை வைத்துத் தேடும் வசதியால் ஒன்றிலிருந்து மற்றொன்றை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். வீட்டு எண், வண்டி எண், குழந்தையின் பள்ளிச் சீருடை பின்னணியில் தெரியக் கூடாது. எடுக்கும்போதே கைபேசிக் கேமராவின் இருப்பிடக் குறிப்பை அணைத்துவிடலாம்.

பக்கத்தில் படம் போடுவதும், முன்பின் அறியாதவருக்கு ஆவணம் அனுப்புவதும் ஒன்றல்ல. வேலை தருவதாகச் சொல்லி ஆதார் அட்டை, பான் அட்டையின் நகலோடு அவற்றைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபியும் கேட்பவர்கள் உண்டு. பதிவுக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு. உங்கள் பெயரில் கடனோ கணக்கோ தொடங்குவதற்கு ஒரு மோசடிக்காரர் தேடும் பொருள்கள் இவையே. தளம் தன் சரிபார்ப்புப் பக்கத்தில் கேட்பதற்கும், ஒருவர் செய்தி அனுப்பிக் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள், கிளைக்கும் தெரிவியுங்கள்.

உடை பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. வாடிக்கையாளரை நேரில் சந்திக்கப் போனால் எதை அணிவீர்களோ அதுவே போதும். கோட்டு கட்டாயமில்லை, கைத்தறிச் சட்டையும் பருத்திப் புடவையும் எந்தத் தளத்திலும் எடுபடும். பொட்டு, தலைப்பாகை, முக்காடு ஆகியவை அன்றாடம் அணிபவையாயின் படத்திலும் இருக்கட்டும். சிரிப்பு பற்றி மட்டும் ஒரு வார்த்தை. “சிரிங்க” என்று சொன்ன மறுநொடி வரும் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். எடுப்பவரோடு பேசிக்கொண்டே இருங்கள். அவர் இருபது முப்பது படங்கள் எடுக்கட்டும். நல்லது அவற்றின் நடுவில் எங்கோ இருக்கும்.

தேர்ந்தெடுத்த பின், தோளுக்கு மேல் முகம் வட்டத்தை நிறைக்குமாறு வெட்டி, விரல்நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பட்டியலில் அது அந்த அளவில்தான் தோன்றும். வீட்டார் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நீங்கள் அழகாக இருக்கும் படத்தையே என்பதால், உங்களோடு வேலை செய்த ஒருவரிடம் மூன்று படங்களை அனுப்பி, எதில் நீங்கள் நீங்களாக இருக்கிறீர்கள் என்று கேட்பது மேல். தாடி வைத்தாலோ, கண்ணாடி மாற்றினாலோ, தலைமுடி நரைத்தாலோ புதுப்படம் எடுத்துவிடுங்கள். எங்கள் கோப்புகளில் உள்ள படங்கள் சில பத்தாண்டு பழையவை, கே.ஒய்.சி. புதுப்பிக்கக் கிளைக்கு வரும்போது, அந்த வெள்ளைப் பின்னணிப் படத்தையும் புதிதாகக் கொண்டுவந்தால் எங்களுக்கும் வசதி.