பத்து வாக்கியமும் பதின்மூன்று புள்ளியும்



கலகெதரையில் எங்கள் அயல்வீட்டுத் தாயொருவர் ஒரு நாள் அஸருக்குப் பின் கலங்கிய முகத்தோடு வந்தார். உயர்தரம் படிக்கும் மகளிடம் எங்கோ ஒரு வினாக்கொத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்களாம். 30க்கு 13 புள்ளி. "பிள்ளைக்குச் சுயமதிப்புக் குறைவு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "என் வளர்ப்பில் என்ன பிழை?" என்று அவர் கேட்டபோது, முதலில் அந்தத் தாளைக் கொண்டுவரச் சொன்னேன்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மொரிஸ் ரோசன்பேர்க் 1965இல் வெளியிட்ட வினாக்கொத்தின் தமிழாக்கம் அது. நியூயோர்க் மாநில மாணவர் 5,000 பேருக்கு மேல் அவர் அதைக் கொடுத்துப் பார்த்தார். பத்தே வாக்கியங்கள். ஐந்து தன்னை உயர்த்திச் சொல்பவை, ஐந்து தாழ்த்திச் சொல்பவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. தாழ்த்திச் சொல்வதை ஒப்புக்கொண்டால் புள்ளி குறையும்.

ஐந்தாவது வாக்கியம், தன்னிடம் பெருமைப்பட அதிகமில்லை என்ற கருத்துடையது. நம் வீடுகளில் பெருமை என்றால் என்ன? ஷைத்தானை விரட்டிய குணம் அல்லவா? பெருமை கூடாதென்று கேட்டே வளர்ந்த பிள்ளை அதற்கு "முற்றாக உடன்படுகிறேன்" என்றுதான் அடையாளமிடும். கிடைப்பது பூச்சியம்.

பாகிஸ்தான் ஆய்வாளர்கள் இதை உருதுவில் பெயர்த்துச் சோதித்திருக்கிறார்கள். உருதுவில் நல்ல பெருமிதத்துக்கு ஃபக்ர், ஆணவத்துக்குத் தகப்புர் என்று இரு சொற்கள் உண்டு. நமக்கோ இரண்டுக்கும் பெருமைதான். ஆனால் உருதுவுக்கும் தொல்லை இல்லாமலில்லை. சுயமதிப்பை அங்கே 'இஸ்ஸதே நஃப்ஸ்' என்பார்கள். இஸ்ஸத் பெரும்பாலும் பிறர் தரும் கண்ணியம்; நஃப்ஸோ அடக்கச் சொல்லி நமக்குக் கற்பித்த ஒன்று!

மொழிபெயர்ப்பைச் சோதிக்க வழிகள் உண்டு. மூலத்தைப் பாராத ஒருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலமாக்கி ஒப்பிடுவார்கள். ஆனால் 'பெருமை' பழைய ஆங்கிலச் சொல்லுக்கே ஒழுங்காகத் திரும்பிவிடும், பிழை பிடிபடாது. இரு வாரம் கழித்து அதே பிள்ளைகளிடம் மீண்டும் கேட்பார்கள். பத்து விடைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று குரோன்பாக்கின் அல்பாவால் கணிப்பார்கள், 0.7க்கு மேல் வந்தால் போதுமென்பது வழக்கம். இதெல்லாம் நம்பகம். கடைத் தராசு ஒவ்வொரு நாளும் 50 கிராம் குறைத்தே காட்டினால் அதற்கும் நம்பகம் உண்டு. நிறைதான் சரியில்லை.

2005இல் வெளியான ஓர் ஆய்வு 53 நாடுகளில், 28 மொழிகளில், 16,998 பேரிடம் இந்தப் பத்தையும் கேட்டது. மொத்தத்தில் வினாக்கொத்து தாக்குப்பிடித்தது. தாழ்த்திச் சொல்லும் வாக்கியங்களை மட்டும் நாட்டுக்கு நாடு வேறுவிதமாக விளங்கிக்கொண்டிருந்தார்கள். சீன மொழியில் எட்டாவது வாக்கியம் மற்ற ஒன்பதோடு சேராமலே நின்றது. தன்மீது இன்னும் மரியாதை இருக்கக்கூடாதா என்று ஏங்குவது அது.

மகளை அழைத்து ஒவ்வொரு வாக்கியத்தையும் என்னவென்று விளங்கினாய் என்று கேட்டோம். ஐந்தாவதைக் கேட்டதும் தாயைப் பார்த்துச் சிரித்தாள். எட்டாவதற்கும் முற்றாக உடன்பட்டிருந்தாள்.

"மரியாதை கூடினால் நல்லதுதானே மாமி?"

அந்த இரண்டையும் எதிர்ப்பக்கம் போட்டிருந்தால் 13 அன்று, 19. தாளின் ஓரத்தில் இரண்டு விளக்கத்தையும் எழுதி, கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன்.