தலைமாட்டில் நிற்பவர்

ஆபரேஷன் என்றால் நம் லயத்து மக்கள் முதலில் கேட்பது, “கத்தி வைக்கும் டாக்டர் யார்?” என்றுதான். தலைமாட்டில் நின்று மயக்க மருந்து கொடுத்து, மூச்சைக் காவல் காப்பவரை யாரும் கேட்பதில்லை.

ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவர்கள் டாக்டர்கள் அல்லர். தனிப் பயிற்சி பெற்றவர்கள். அந்நாளைய தோட்டத்து டிரெஸரை நினைத்துக்கொள்ளுங்களேன். 2007இல் வெளியான ஆய்வுக்காக 97 பேரை விசாரித்தார்கள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுக்கும்போது, தாய்க்குப் பாதுகாப்பாக மயக்கம் கொடுக்கத் தேவையான வசதி 100க்கு 6 பேரிடந்தான் இருந்ததாம்! படித்ததும் எனக்கு நெஞ்சு பதறியது.

2011இல் அங்கே இவர்களுக்கென்று மூன்று நாள் பிரசவ மயக்கமருந்து வகுப்பு ஆரம்பித்தார்கள். உள்ளூர்க்காரர்களையே வாத்தியாராக்கும் பயிற்சியும் உண்டு. (வாத்தியாரான எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது.) விரலில் மாட்டும் சிறு கருவி ஒன்றிருக்கிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் அதன் ஓசை தணியும். உதடு நீலம் பாரிக்கும் முன்பே தெரிந்துவிடும். ஆனால் ஓசை தணிந்ததும் குழாய் அடைத்திருக்கிறதா, சிலிண்டர் தீர்ந்துவிட்டதா என்று பதறாமல் பார்க்கத் தெரிய வேண்டுமே! கருவி அதைச் செய்யாது.

நமக்கும் இதில் ஒரு பாடம் பாக்கி. பிள்ளை அழுகிறதென்று ஒளித்து மைலோ கொடுத்துவிட்டு, “ஒன்றும் குடிக்கவில்லை” என்று சொல்லும் தாய்மார்களே! மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். அவர் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாலும் கோபிக்காதீர்கள்.