தாத்தாவின் ஊர் எது?

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து நெட்டாலுக்குப் புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பலின் பட்டியலில் கூலிகளின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. கரும்புத் தோட்டத்தில் வேலை வாங்கக் குமாஸ்தா எழுதிய கணக்கு; இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பூர்வீகம் தேட அதுவே ஆதாரம்!

டில்லித் தமிழருக்கு அதுவும் இல்லை. ரயிலேறி வந்தவரின் கிராமத்தை யார் குறித்து வைத்தார்கள்? தமிழரின் இனிஷியல் தகப்பனாரோடு நின்றுவிடும். இங்குள்ள பள்ளி ரிஜிஸ்தரில் அதுவும் குடும்பப் பெயராகிவிடுகிறது. ஊரில் பட்டா, கிரயப் பத்திரம், குலதெய்வக் கோயில் வரி நோட்டு இருக்கலாம். ஊர்ப் பெயரே தெரியாத பேரன் எந்தத் தாலுகா ஆபீஸில் போய்க் கேட்பான்?

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் பாட்டியிடம் நாலு தலைமுறைப் பெயர்களைக் கேட்டு எழுதி வரட்டும். கருப்பனா, கருப்பையாவா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.