பலெர்மோ: கட்டட அனுமதிகளும் மாநகர சபை உறுப்பினர்களின் கைகளும்

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், 1959 நவம்பர் 28ஆம் திகதி, சனிக்கிழமை, வில்லா தெலியெல்லா என்ற மாளிகை இடிக்கப்படத் தொடங்கியது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் எர்னெஸ்தோ பசிலே வடிவமைத்த அந்த மாளிகைக்கு ஐம்பது வயது நிறைவடைந்திருந்தால், அது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் வரிசையில் சேர்ந்திருக்கும். வார இறுதிக்குள் காப்பாற்ற எதுவும் மிஞ்சவில்லை. அந்த நிலம் அதன் பின்னர் பல பத்தாண்டுகளுக்கு வாகனத் தரிப்பிடமாகவே பயன்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, இடிப்பதற்கு மாநகராட்சியின் அனுமதி இருந்தது என்பதே. "பலெர்மோவின் சூறையாடல்" என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்தக் காலகட்டத்தில், நகரின் தோட்டங்களும் மாளிகைகளும் பெரும்பாலும் சட்டத்துக்குப் புறம்பாக அழிக்கப்படவில்லை. கையொப்பத்தோடும் முத்திரையோடுமே அழிக்கப்பட்டன.

அப்போது மேயராக இருந்தவர் சல்வோ லிமா. பொதுப்பணிகளுக்குப் பொறுப்பான மாநகர அமைச்சராக 1959 முதல் 1964 வரை இருந்தவர் வித்தோ சான்சிமினோ. நகர அபிவிருத்தித் திட்டத்தில் தனியாரின் வேண்டுகோளின் பேரில் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் செய்யப்பட்டன. 1959க்கும் 1963க்கும் இடையில் வழங்கப்பட்ட நாலாயிரத்துக்கும் அதிகமான கட்டட அனுமதிகளில் பெரும் பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் பெயரில் இருந்ததை, மாஃபியா குறித்து ஆராய்ந்த நாடாளுமன்ற ஆணைக்குழு பின்னர் வெளிக்கொணர்ந்தது. அவர்கள் கட்டடத் தொழிலோடு தொடர்பில்லாத, பெயரை மட்டும் இரவல் கொடுத்த பினாமிகள்.

மாஃபியாவுடனான தொடர்புக்காக 1992இல் தண்டிக்கப்பட்ட சான்சிமினோ, 2002இல் காலமானார். லிமா அதே 1992ஆம் ஆண்டு மார்ச் மாதம் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் எந்த வழக்கிலும் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை.

உறவினர் வரை எட்டும் விதி

இத்தாலியின் 2000ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத் தொகுப்பின் 78ஆவது பிரிவு, தமக்கோ நான்காம் படி வரையான உறவினருக்கோ நலன் உள்ள விடயத்தில் சபை உறுப்பினர் விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளக் கூடாது என்கிறது. நமது கணக்கில் சித்தப்பா பிள்ளை, மாமன் பிள்ளை வரை இது நீள்கிறது. நகர அமைப்புக்கும் கட்டடங்களுக்கும் பொறுப்பான அமைச்சர், தாம் நிர்வகிக்கும் எல்லைக்குள் கட்டடத் துறையில் தொழில் செய்யவும் அது தடை விதிக்கிறது. தன்னாட்சிப் பிரதேசமான சிசிலிக்கு உள்ளூராட்சி பற்றித் தனியாகச் சட்டமியற்றும் அதிகாரமும் உண்டு.

ஒப்பிட்டால், தமிழர்கள் பலர் சபை உறுப்பினர்களாக உள்ள இங்கிலாந்தில், 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம் அறிவிக்க வேண்டிய நிதி நலன்கள் உறுப்பினரோடும் அவரது வாழ்க்கைத் துணையோடும் நின்றுவிடுகின்றன. ஆனால் அங்கே அதனை வேண்டுமென்றே மறைப்பது குற்றம். திட்ட விண்ணப்பத்தை விசாரிக்கும் உறுப்பினர் முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டு வந்து அமரக் கூடாது என்பதும் அங்கே வலுவான விதி.

இத்தாலிய விதியின் வலை அகலமானதுதான். ஆயினும் பலெர்மோவின் நோய் உறவினர் அல்ல, நண்பரும் பினாமியும். அவர்கள் எந்த உறவுமுறைப் பட்டியலிலும் அகப்படுவதில்லை. மேலும், பொதுவான நகரத் திட்டங்களுக்கு, குறிப்பிட்ட ஒருவரின் நலனோடு நேரடித் தொடர்பு இருந்தாலன்றி, இந்த விலகல் கடமை பொருந்தாது. கட்டட அனுமதியில் இப்போது கையெழுத்திடுவது அதிகாரியே. ஆனால் திட்டத்தை மாற்றுவது சபையின் வாக்கு. பேரமும் அங்கேதான் நடக்க முடியும்.

2020 பெப்ரவரி இறுதியில் பலெர்மோவில் இரு சபை உறுப்பினர்களும் மாநகராட்சி அதிகாரிகளும் ஊழல் குற்றச்சாட்டில் கைதானபோது பேசப்பட்டதும் இதுவே: கைவிடப்பட்ட தொழிற்சாலை நிலங்களில் குடியிருப்புகள் கட்டுவதற்குச் சபையின் ஒப்புதல்.

நீக்கப்பட்ட குற்றம்

இந்நிலையில், 2024 ஓகஸ்டில் இத்தாலி "பதவித் துஷ்பிரயோகம்" என்ற குற்றத்தையே தண்டனைச் சட்டத்திலிருந்து நீக்கியது. விலக வேண்டிய இடத்தில் விலகாமல் தமக்கோ பிறருக்கோ அனுகூலம் தேடிய அதிகாரியைத் தண்டித்தது அந்தப் பிரிவுதான். வழக்குக்கு அஞ்சிக் கையெழுத்திடவே தயங்குகிறோம் என்று மேயர்கள் நீண்டகாலமாக முறையிட்டு வந்தனர். அதில் உண்மை இல்லாமலில்லை. தொடரப்பட்ட வழக்குகளில் மிகச் சிலவே தண்டனையில் முடிந்தன. 2025 மே மாதம் அரசியலமைப்பு நீதிமன்றமும் இந்த நீக்கம் செல்லும் என்றது. விலகாமல் வாக்களித்தால் அந்தத் தீர்மானத்தை நிர்வாக நீதிமன்றம் ரத்துச் செய்யலாம். இலஞ்சம் கைமாறியது நிரூபணமானால் சிறை. இரண்டுக்கும் நடுவில் இருந்த படி இப்போது இல்லை.

சூறையாடலின்போது புதிய அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த பலெர்மோவாசிகள் விட்டுச்சென்ற பழைய நகர வீடுகளில்தான், எண்பதுகளிலிருந்து இலங்கைத் தமிழர் பலர் குடியேறினர். அவர்களில் குடியுரிமை பெறாதவர்களுக்குச் சபைத் தேர்தலில் வாக்கில்லை. 2013இல் அமைக்கப்பட்ட வெளிநாட்டவருக்கான ஆலோசனை சபைக்கு அவர்கள் வாக்களிக்கலாம். அந்தச் சபை கருத்துக் கூறலாம். நகரத் திட்டத்தின் மீது வாக்களிக்க முடியாது.